கைநாட்டு

எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக இடும் பெருவிரல் பதிவு, கைநாட்டு. நாட்டுதல் என்றால் ஊன்றுதல், நிலைநிறுத்துதல். பந்தக்கால் நாட்டுவதும் இதே வினைதான். ‘அவன் கைநாட்டு’ என்பது ஏளனப் பேச்சு. ஆனால் இன்று பட்டதாரியும் ரேஷன் கடையில் ஆதார் சரிபார்ப்புக்கு விரலை நாட்டுகிறார்! பழைய மை ரேகை அந்த ஒரு தாளோடு நின்றது. ஆதார் ரேகையோ எங்கோ ஒரு கணினியில் குடியிருக்கிறது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், விரலை? (வேலையில் தேய்ந்த ரேகையை இயந்திரம் ஏற்க மறுப்பது தனிக்கதை.) அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்ததும் ஆதார் வழக்கில்தான். ரேகையைப் பூட்டிவைக்கும் வசதியை ஆதார் ஆணையம் தருகிறது. பூட்டியவர் விரலை நாட்டுமுன் திறக்க வேண்டும்.