புதுமைக்குச் சான்று

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே உள்ள புதுச்சத்திரம் வட்டாரத்தில் கத்தோலிக்க சமயத்தின் வரலாறு, மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி 1623இல் அண்டையிலுள்ள சேந்தமங்கலத்துக்கு வந்து, அங்கு ஆண்ட இராமச்சந்திர நாயக்கரைச் சந்தித்ததோடு தொடர்புடையது. காவி உடுத்து, புலால் மறுத்து, தத்துவ வாதத்தையே முதற்கருவியாகக் கொண்டவர் நோபிலி. ஆயினும் மதுரை மிஷன் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் வாதத்தில் வென்ற செய்திகளோடு நோய் தீர்ந்த, பேய் நீங்கிய செய்திகளும் நிறைந்திருக்கின்றன. கத்தோலிக்கர் 'புதுமை' எனக் கூறும் அற்புதத்தை, அதாவது இயற்கையின் போக்கால் விளக்கவியலாத இறைச்செயலை, மக்கள் நாடிய அளவுக்கே திருச்சபை ஐயத்தோடும் அணுகியது என்பது பலர் கவனிக்கத் தவறும் உண்மை.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, அதே மிஷனில் உழைத்த அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ ஆவார். மறவர் நாட்டுத் தடியத்தேவர் கடும் நோயில் கிடந்தபோது, அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் நற்செய்தி வாசகத்தை ஓதினார். தேவர் குணமடைந்து, 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் அந்நாட்டை ஆண்ட சேதுபதியின் உறவினர் என்பதால் அரச சினம் மூண்டு, பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது.

அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கும் விசாரணையில், எதிர்த்து வாதிடுவதற்கென்றே அக்காலத்தில் அமர்த்தப்பட்ட, 'பிசாசின் வழக்கறிஞர்' என்று மக்கள் அழைத்த அதிகாரி தடைகளை எழுப்பினார். உள்ளூர் வழக்கங்களை அருளானந்தர் ஏற்றுக்கொண்டது குற்றமாகாதா என்பது அவற்றுள் முதன்மையானது. முன்னர் இதே பதவியில் இருந்த திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரே 1741இல் அத்தடையை நீக்கினார். பட்டமோ 1947இல்தான் கிடைத்தது.

அருளானந்தரின் குருதியால் சிவந்ததாக நம்பப்படும் ஓரியூர் மண்ணைத் திருப்பயணிகள் இன்றும் முடிந்து எடுத்துச் செல்கின்றனர். தென்கடற்கரைத் தேரி மணலுக்கு இரும்பு ஆக்சைடு செந்நிறம் தருவதை அறிந்தோர் இந்நிறத்துக்கும் அதுவே காரணமாகலாம் எனக் கருதுவது நியாயமே. நிறத்துக்கு விளக்கம் கிடைத்தாலும் அங்கே ஒருவர் உயிர் கொடுத்தார் என்பது மாறாது என்பதால், பக்தியை அந்த நிறத்தின்மீது நிறுத்தாதிருப்பதே பக்திக்கு நல்லது.

புதுமைகள் குறித்துத் திருச்சபைக்கு வெளியிலிருந்தும் கேள்விகள் எழுந்தன. மார்த்தோமா குருவின் மகனாகப் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசளிப்பதாக 1963இல் அறிவித்தார்; 1978இல் அவர் மறையும்வரை எவரும் அதை வெல்லவில்லை.

திருச்சபையோ தன் விசாரணை முறையைத் தொடர்ந்தது. ஆரல்வாய்மொழியில் 1752இல் சுட்டுக்கொல்லப்பட்ட மறைசாட்சி தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இதயத்துடிப்பு நின்றதாகக் கூறப்பட்ட 24 வாரக் கரு 2013இல் மீண்டும் உயிர்ப்புடன் இயங்கியதை, அவரது பரிந்துரையால் நிகழ்ந்த புதுமையாக 2020இல் வத்திக்கான் ஏற்றிருந்தது. இத்தகைய விசாரணையில் மருத்துவர் குழுவிடம் கேட்கப்படுவது, இன்றைய மருத்துவ அறிவால் இதை விளக்க முடியுமா என்பது மட்டுமே. அது இறைவனின் செயலா என்பதை ஆராயும் பொறுப்பு இறையியலாளரிடம் தனியே விடப்படுகிறது.