ரோடு யாருடையது? நியூயார்க் மாரத்தான் கேட்டு வாங்கின அனுமதி

இந்த எபிசோட்ல ஒரு ஓட்டப்பந்தயத்தைப் பத்திப் பேசப்போறோம். ஆனா யார் ஜெயிச்சாங்க என்பது இதுல சின்ன விஷயம். ஓடுறதுக்கு ரோட்டை யார் கொடுத்தாங்க, என்ன கணக்குல கொடுத்தாங்க என்பதுதான் கதை.

1970 செப்டம்பர் 13. நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பார்க். முதல் நியூயார்க் மாரத்தானுக்கு 127 பேர் வந்தாங்க. நுழைவுக் கட்டணம் 1 டாலர். கடைசி வரைக்கும் ஓடி முடிச்சது 55 பேர்தான். ஒரே பூங்காவை சுத்திச் சுத்தி வந்து 42.195 கிலோமீட்டரை நிரப்பினாங்க. ஏன் பூங்கா? அங்கே பஸ் ரூட் மாத்த வேண்டாம், கடைக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டாங்க, கையெழுத்து வாங்க நாலு ஆபீஸ் ஏற வேண்டாம்.

1976ல் அமெரிக்கா சுதந்திரம் அறிவிச்சு 200 வருஷம் ஆகுது. அதை ஒட்டி ஜார்ஜ் ஸ்பிட்ஸ் என்ற ஓட்டக்காரர் ஒரு யோசனை சொன்னார்: மாரத்தானைப் பூங்காவுக்கு வெளியே எடுத்துட்டு வந்து, நகரத்தின் 5 பகுதிகள் வழியாகவும் ஓடினா என்ன? நியூயார்க்ல இந்தப் பகுதிகளை ‘பரோ’ன்னு சொல்றாங்க: ஸ்டேட்டன் ஐலண்ட், புரூக்ளின், குயின்ஸ், பிராங்ஸ், மன்ஹாட்டன்.

பந்தயத்தை நடத்திக்கிட்டிருந்தவர் ஃப்ரெட் லெபோ. ருமேனியாவில் பிறந்தவர், ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்தவர். அவரே முதல்ல தயங்கினார். தயங்கினதுல தப்பே இல்லை. 1975ல் நியூயார்க் நகராட்சி கிட்டத்தட்ட திவால் ஆகிற நிலைமை. ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களை வேலையை விட்டே அனுப்பியிருந்தாங்க. அப்படிப்பட்ட ஊர்கிட்ட போய், ‘நாங்க ஓடணும், ஒரு நாள் முழுக்க ஊரை நிறுத்துங்க, கூடவே போலீசையும் கொடுங்க’ன்னு கேட்டா எப்படி இருக்கும்?

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ஒரு சர்வரை ராத்திரி ரெண்டு மணிக்கு நிறுத்தி அப்டேட் பண்ணணும்னாலே மூணு கேள்வி வரும். எவ்வளவு நேரம் நிறுத்துவீங்க? யார் பாதிக்கப்படுவாங்க? ஏதாவது சிக்கல் வந்தா யார் பொறுப்பு? ரோட்டை மூடுறதும் இதே கேள்விகள்தான். ஒரே வித்தியாசம், இங்கே பாதிக்கப்படுறவங்க வீட்டு வாசலிலேயே நிக்கிறாங்க.

ஸ்பிட்ஸ் நேரா மன்ஹாட்டன் பரோவின் தலைவர் பெர்சி சட்டன்கிட்ட போனார். சட்டன் ஒரு காலத்தில் மால்கம் எக்ஸுக்கு வழக்கறிஞரா இருந்தவர், ஹார்லெம் அரசியலில் பெரிய ஆள். அவருக்கு யோசனை பிடிச்சுப்போச்சு. மேயர் ஏபிரகாம் பீமும் ஒத்துக்கிட்டார். பணத்துக்கு, ஜாக் ருடின், லூயிஸ் ருடின் என்ற ரியல் எஸ்டேட் சகோதரர்கள் 25,000 டாலர் கொடுத்தாங்க. அவங்க அப்பா சாமுவேல் ருடின் ஒரு ஓட்டக்காரர். அவர் நினைவாகக் கொடுத்த பணம் அது.

இங்கே ஒண்ணு கவனிங்க. ‘அனுமதி’ன்னு சொல்றோமே, அது ஒரே ஆள் போடுற ஒரே கையெழுத்து இல்லை. பந்தயம் தொடங்குற வெரசானோ பாலம் சுங்கம் வசூலிக்கிற தனி ஆணையத்தின் கையில் இருந்தது. தெரு நகராட்சியோடது, சிக்னலில் நிக்கிறது போலீஸ். எல்லாரும் சரின்னு சொன்னாதான் ஒரு முழுப் பாதை கிடைக்கும். ஒருத்தர் மாட்டேன்னு சொன்னா பாதை அங்கேயே அறுந்துபோகும். நகரத்துக்கு 200வது ஆண்டுக்கு ஒரு கொண்டாட்டம் தேவைப்பட்டது, செலவுக்கு வெளியிலிருந்து பணமும் வந்தது. இந்த ரெண்டும் சேர்ந்ததாலதான் எல்லாக் கதவும் திறந்தது.

1976 அக்டோபர் 24ல் 2,000க்கும் மேற்பட்டவர்கள் ஓடினாங்க. ஆண்களில் பில் ராட்ஜர்ஸ், பெண்களில் மிக்கி கோர்மன் முதலிடம். ஒரே ஒரு தடவைன்னு நினைச்சுக் கொடுத்த அனுமதி, வருஷா வருஷம் நடக்கிற வழக்கமாகவே ஆயிடுச்சு.

1979ல் அதே நியூயார்க்ல ஓடிட்டுப் போனார் கிறிஸ் பிரேஷர் என்ற பிரிட்டிஷ்காரர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கினவர். லண்டனில் இப்படி ஒண்ணு நடக்குமான்னு பத்திரிகையில் எழுதினார், அப்புறம் மாநகர நிர்வாகத்தோடும் போலீசோடும் உட்கார்ந்து பேசினார். நிர்வாகத்தின் தலைவர் ஹொரேஸ் கட்லர் ஆர்வமாத்தான் இருந்தார். ஆனா ஒரு நிபந்தனை வெச்சார்: வரி கட்டுற மக்கள் தலையில் ஒரு பைசா விழக்கூடாது. விளம்பரதாரரைப் பிடிச்சு, 1981 மார்ச் 29ல் முதல் லண்டன் மாரத்தானை நடத்திக் காட்டினார் பிரேஷர். 6,255 பேர் ஓடி முடிச்சாங்க.

ஆக, பணக் கேள்விக்கு பதில் கிடைச்சிடுச்சு. ஆனா ரோட்டை மூடினா போகிறது பணம் மட்டுமா?

2017ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 11 அமெரிக்க நகரங்கள், 2002லிருந்து 2012 வரைக்குமான தரவு. மாரடைப்போ இதய நிறுத்தமோ வந்து மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் சாதாரண நாளில் 24.9 சதவீதம். மாரத்தான் நாளில் 28.2 சதவீதம். காலை நேரத்தில் ஆம்புலன்ஸ் மருத்துவமனை போய்ச் சேர சராசரியா 4.4 நிமிஷம் கூடுதலா ஆனது. ஓடினவங்களுக்கு வந்த மாரடைப்பு இல்லை இது. ஓடாம வீட்டிலிருந்த பெரியவங்களோட கணக்கு.

அதனாலதான் பெரிய பந்தயங்களில் ரோட்டை மொத்தமா நாள் பூரா மூடி வைக்கிறதில்லை. ஓட்டக்காரர்கள் வர்றதுக்கு முன்னாடி மூடி, கடைசிக் கூட்டம் போனதும் பகுதி பகுதியாத் திறந்து விடுறாங்க. ரொம்ப மெதுவா வர்றவங்க நடைபாதைக்கு மாறணும், இல்லைன்னா பின்னாடி வர்ற பஸ்ஸில் ஏறணும். நடைபாதைக்கு அனுப்புறது கொடுமையாத் தெரியலாம். ஆனா அந்த ரோடு இன்னொருத்தருக்கு அவசரமாத் தேவைப்படுது.

2012க்கு வருவோம். அக்டோபர் 29ல் சாண்டி புயல் நியூயார்க்கை அடிச்சது. நகரத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தாங்க. அதிகம் அடிவாங்கின இடங்களில் ஒண்ணு ஸ்டேட்டன் ஐலண்ட், அதாவது மாரத்தான் தொடங்குற இடம். பந்தயத் தேதி நவம்பர் 4. அனுமதி கையில் இருந்தது, பாலம் இருந்தது, பணமும் இருந்தது. மேயர் புளூம்பெர்க் நடத்தியே தீருவோம்னு சொன்னார். வீட்டில் கரண்ட் இல்லாத ஜனங்க, பந்தயத்துக்காகப் பூங்காவில் நிறுத்தி வெச்சிருந்த ஜெனரேட்டர்களைப் பார்த்தாங்க. கோபம் கிளம்பிச்சு. நவம்பர் 2 சாயங்காலம் பந்தயம் ரத்து.

சட்டப்படி யாரும் அனுமதியைப் பறிக்கலை. ஆனா அதைக் கொடுத்திருந்த மக்கள் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. ஓட வந்தவங்களில் பலர் அந்த ஞாயிறு நிவாரணப் பொருட்களைத் தூக்கிக்கிட்டு ஸ்டேட்டன் ஐலண்டுக்கே போனாங்க. 2013ல் அதே பாலத்தில் மறுபடியும் மாரத்தான் தொடங்கியது.

ஒரு ஊர் தன்னோட ரோட்டைக் கொடுக்கிறது தானம் இல்லை, கடன். ஞாயிறு காலையில் வாங்கினா மத்தியானமே திருப்பித் தரணும். ஆம்புலன்சுக்கு வழி விட்டுத்தான் வாங்கணும். நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறவங்களுக்குத்தான் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

உங்க ஏரியாவில் ஏதாவது நிகழ்ச்சிக்கு ரோடு மூடின அனுபவம் இருந்தா, மேடைப் பக்கம் நின்னவரா இருந்தாலும் சரி, டிராஃபிக்ல மாட்டினவரா இருந்தாலும் சரி, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.