ஊர் நடுவில் ஒரு போதகர்



இன்று ஜெர்மனியின் லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் பற்றி எழுதுகிறேன். ஹிட்லரை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததல்ல. சின்னச் சின்னக் காரியங்களில் பழகிப் பழகி வந்தது. அதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

1906 பிப்ரவரி 4 அன்று பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற மனநல மருத்துவர். மகன் 21 வயதிலேயே முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். பிறகு அமெரிக்காவில் ஓராண்டு படித்துத் திரும்பி, பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லத் தொடங்கினார். 1931இல் கூடவே இன்னொரு பொறுப்பும் வந்தது. பெர்லினில் ஏழைத் தொழிலாளர்கள் வாழும் பகுதியில், சீயோன் ஆலயப் பையன்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்க வேண்டும்.

முதல் நாள் படியேறும்போதே மேலிருந்து குப்பையை வீசினார்கள். அவர் பெயரின் முதல் பாதியைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். அவர் அதட்டவில்லை, அமைதியாக நின்றார். பிறகு முன்னால் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களிடையே தாம் கண்டதை மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார். பின்னால் இருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். வகுப்பறையில் நின்று பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அதோடு விடவில்லை. அந்தப் பகுதியிலேயே வாடகைக்கு அறை எடுத்தார். பையன்கள் நினைத்தபோது வந்து சதுரங்கம் ஆடினார்கள். பிரசங்கத்தைவிட இதுதான் அவர்களை மாற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சபைக்குள்ளும் நாஜிக் கொள்கை புகுந்தது. போன்ஹோஃபர் அதை எதிர்த்த அணியில் நின்றார். கூடி வாழும் முறையை நேரில் கற்க, நம் காந்தியடிகளின் ஆசிரமத்துக்கு வர விரும்பினார். 1934இல் காந்தியடிகளும் வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். ஆனால் இளம் போதகர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு வந்ததால் பயணம் நின்றுபோனது.

1935இல் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் அந்தப் பயிற்சிப் பள்ளி நடந்தது. அங்கே ஒரு விதி இருந்தது: இல்லாதவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது, வாய் தவறிப் பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். கேட்க எளிது, ஒருநாள் கடைப்பிடித்துப் பாருங்கள்! 1937இல் கெஸ்டப்போ அந்தப் பள்ளியை மூடியது. அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய நூல் 1939இல் வெளிவந்தது. பிறருக்குச் செய்யும் முதல் தொண்டு, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதே என்கிறார் அதில். சக மனிதனைக் கேட்கப் பொறுமையில்லாதவன், நாளடைவில் கடவுளையும் கேட்கமாட்டான் என்பது அவர் கருத்து.

1943 ஏப்ரல் 5 அன்று கைதானார். பெர்லின் டேகல் சிறையில் முதல் இரவு கொடுத்த போர்வையை நாற்றம் தாங்காமல் போர்த்திக்கொள்ள முடியவில்லை. அங்கிருந்தும் நண்பர் பெத்கேவுக்குக் கடிதங்கள் எழுதினார். நமக்கு விடை தெரியாத இடத்தை அடைக்க மட்டும் கடவுளைக் கூப்பிடக்கூடாது. தெரிந்த இடத்திலும், பலத்திலும், மகிழ்ச்சியிலும் அவரைக் காண வேண்டும் என்று அவற்றில் எழுதுகிறார். ஆலயம் ஊர் எல்லையில் அல்ல, ஊர் நடுவில் நிற்க வேண்டும் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். பரீட்சை, நோய், பணக்கஷ்டம் வந்தால் கோயிலையோ ஆலயத்தையோ பள்ளிவாசலையோ தேடி ஓடுகிறோம். சம்பளம் வந்த நாளில், பக்கத்து வீட்டாரோடு பேசும்போது, வேலைக்கு வரும் அம்மாளுக்குக் கூலி கொடுக்கும்போது நம் பக்தி எங்கே இருக்கிறது? போன்ஹோஃபர் கேட்ட கேள்வி எந்த மதத்தாருக்கும் பொருந்தும்.

1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. ஐரோப்பாவில் போர் முடிய ஒரு மாதமே இருந்தது. பெத்கே காப்பாற்றி வைத்த கடிதங்கள் 1951இல் நூலாக வந்தன.

அவரைப்போல உயிரைக் கொடுக்கும் நிலை நமக்கு வராமலே போகலாம். ஆனால் இல்லாதவரைப் பற்றிப் பேசாமலிருக்க இன்றைக்கே முடியும். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தே தொடங்கலாம், செல்வங்களே.