இருபத்து நான்கு (சீட்டு விளையாட்டு)

இருபத்து நான்கு என்பது நான்கு எண்களை அடிப்படைக் கணிதச் செயல்களால் இணைத்து 24 என்னும் விடையைப் பெறும் சீட்டு விளையாட்டு ஆகும். எண்கணிதம் கற்பிப்பதற்கு இது வகுப்பறைகளில் பயன்படுத்தப்படுகின்றது.

விளையாடும் முறை

52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ராஜா, ராணி, ஜாக் ஆகிய 12 படச்சீட்டுகளும் நீக்கப்படும். ஏஸ் 1 எனக் கொள்ளப்படும். எஞ்சிய 40 சீட்டுகளைக் கலைத்து, நான்கினை எண் தெரியுமாறு வைக்க வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றுள் எதனையும் பயன்படுத்தலாம், அடைப்புக்குறியும் இடலாம். ஆனால் ஒவ்வொரு சீட்டும் ஒருமுறை, ஒருமுறை மட்டுமே வர வேண்டும்.

எடுத்துக்காட்டாக 4, 5, 7, 8 வந்தால், (4 + 8) × (7 − 5) = 24. அடைப்புக்குறிகளை நீக்கிவிட்டால் விடை 55 ஆகிவிடும். அடைப்புக்குறி எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

எட்டுக் காரணிகளைக் கொண்ட மிகச்சிறிய எண் 24 ஆகும் (1, 2, 3, 4, 6, 8, 12, 24). எனவே 3 × 8, 4 × 6, 2 × 12 எனப் பல வழிகளில் விடையை நெருங்க இயலும்.

வரலாறு

சீனாவின் சாங்காய் நகரில் 1960களிலேயே இது சாதாரணச் சீட்டுகளைக் கொண்டு ஆடப்பட்டது. 1988இல் ராபர்ட் சன் என்பவர் ஐக்கிய அமெரிக்காவில் இதற்கெனத் தனி அட்டைகளை வெளியிட்டார். ஒவ்வோர் அட்டையிலும் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கடினத்தின் அளவை ஒன்று முதல் மூன்று வரையிலான புள்ளிகள் காட்டும்.

விடையில்லாச் சீட்டுகள்

அச்சிட்ட அட்டைகள் அனைத்துக்கும் விடை உண்டு. சாதாரணச் சீட்டுகளில் அவ்வாறன்று. 1 முதல் 10 வரையான எண்களில் அமையும் 715 சேர்க்கைகளுள் 566க்கு மட்டுமே விடை உண்டு, 149க்கு இல்லை. கற்பித்தலுக்கு இவையே கூடுதல் பயனுள்ளவை எனலாம். "எனக்குக் கிடைக்கவில்லை" என்பதும் "விடையே இல்லை" என்பதும் வேறு வேறு. நான்கு ஏஸ்கள் வந்தால் பெறக்கூடிய மிகப்பெரிய எண் (1 + 1) × (1 + 1) = 4 மட்டுமே; ஆகவே 24 இயலாது என்று சிறுவரும் நிறுவலாம்.

மாறாக, 3, 3, 8, 8 என்பதற்கு விடையில்லை என்றே பலரும் முடிவு செய்வர். முழு எண்களுக்குள் தேடினால் அது கிட்டாது. 8 ÷ 3 என்பதை 3இலிருந்து கழித்தால் மூன்றில் ஒன்று எஞ்சும். 8ஐ அதனால் வகுத்தால் 24 கிடைக்கும்:

8 ÷ (3 − 8 ÷ 3) = 24

விரைவாகச் சொல்பவருக்கே வெற்றி என்னும் விதி, நிதானமாகச் சிந்திக்கும் மாணவரை ஒதுக்கிவிடக்கூடும். இத்தகைய சேர்க்கைகளைக் கரும்பலகையில் எழுதி, ஒரு நாள் முழுவதும் விட்டுவைப்பது நன்று. 1, 5, 5, 5. 3, 3, 7, 7 ஆகியனவும் பின்னம் இன்றித் தீராதவை.