மூன்று மீட்டர்கள் குடியிருக்கும் பெட்டி

தந்தியும் தொலைபேசியும் பிரிட்டனில் அஞ்சல் துறையின் கையில் இருந்த காலம். அங்கே பொறியாளராக இருந்த டொனால்ட் மக்காடிக்கு ஒரு தொல்லை. பழுது பார்க்கப் போகும்போதெல்லாம் ஆம்பியருக்கு ஒரு மீட்டர், வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு இன்னொன்று என்று சுமந்து அலைய வேண்டியிருந்தது. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்க வழி கண்டார். 1923இல் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டிக்கு, மூன்று அலகுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏவோமீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைய மல்டிமீட்டர்களுக்கெல்லாம் மூத்தது அதுதான்.

மக்காடி செய்தது பெரிய உபகாரம். ஆனால் நேர்மாறான குணமுள்ளவர்களை ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டார். வோல்ட் மீட்டர் கரண்டைத் தன் வழியே எளிதில் விடாது; நல்ல டிஜிட்டல் மீட்டரில் அதன் தடை சுமார் 1 கோடி ஓம். ஆம்பியர் மீட்டர் முழு ஓட்டத்தையும் தனக்குள்ளே விட்டுத்தான் அளக்கும். உள்ளே இருப்பது ஏறக்குறைய வெறும் கம்பி. ஓம் மீட்டர் தன் சொந்த பேட்டரியை வைத்து அளப்பது. லைன் ஆஃப் ஆகாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

ஏவோமீட்டர் வரிசையில் 1951இல் வந்த ஏவோ 8இல் முள் எல்லை மீறி அடித்தால் ஒரு பட்டன் துள்ளி வெளியே வந்து இணைப்பைத் துண்டிக்கும். பின்னர் முள் போய் எண் வந்தது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ கே டிஜிட்டல் வோல்ட் மீட்டரை உருவாக்கினார். 1970களின் இறுதியில் ஃப்ளூக் 8020ஏ போன்ற மீட்டர்கள் அதை உள்ளங்கைக்குக் கொண்டுவந்தன. இன்று சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மஞ்சள் மீட்டர் கிடைக்கிறது. பட்டன் துள்ளும் காவல் அதில் இல்லை. பல மலிவு மீட்டர்களில் லீட் செருகும் 10 ஆம்பியர் துளையருகே ‘பியூஸ் இல்லை’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைப் படிப்பவர் எத்தனை பேர்?

விபத்து பெரும்பாலும் அந்தத் துளையில்தான் தொடங்குகிறது. நேற்று ஆம்பியர் பார்த்தவர் சிவப்பு லீடை அங்கேயே விட்டுவிடுகிறார். இன்று டயலை வோல்ட்டுக்குத் திருப்பி, பிளக் பாயின்டில் இரண்டு முனைகளையும் வைக்கிறார். டயல் எங்கே நின்றாலும் அந்தத் துளைக்குள் இருப்பது தடித்த கம்பிதான். 230 வோல்ட் நேராக ஷார்ட் ஆகிறது. பியூஸ் இல்லாத மீட்டரில் லீட் தீய்ந்து, தீப்பொறி முகத்தில் அடிக்கும்.

மீட்டரின் முகத்தில் ‘கேட்’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ரோமன் எண் இருக்கும். மீட்டரை எந்த இடம் வரை பயன்படுத்தலாம் என்று அது சொல்லும். வீட்டு பிளக் பாயின்டுக்கு இரண்டு, டிஸ்ட்ரிபியூஷன் போர்டுக்கு மூன்று, தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் சர்வீஸ் லைனுக்கு நான்கு. கேட் மூன்று, 600 வோல்ட் என்று சான்று பெற்ற மீட்டர் 6,000 வோல்ட் திடீர் எழுச்சியைத் தாங்கியாக வேண்டும். லைனில் அப்படிப்பட்ட எழுச்சி சொல்லிவிட்டு வருவதில்லை. அதனால் போர்டைத் திறக்கிற எலக்ட்ரீஷியனுக்கு விலையைவிட இந்த எண் முக்கியம்.

வெப்பநிலை அளப்பது இந்தப் பெட்டிக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த வேலை. அதன் வேர் 1821இல் சீபெக் கண்டறிந்த விளைவு. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். ‘கே’ (K) வகை எனப்படும் அத்தகைய கம்பி ஜோடியில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். வோல்ட்டில் கோடியில் நானூறு பங்குதான். சாதாரண கே கம்பியின் நுனியில் உள்ள மணி வெறும் உலோகம். கரண்ட் ஓடும் டெர்மினல் சுடுகிறதா என்று அதைக் கொண்டு தொட்டால், லைன் நேரே மீட்டருக்குள் வரும். லைனை ஆஃப் செய்த பிறகே மணியை வையுங்கள். வோல்ட்டுக்குத் திருப்பும் முன் அந்தக் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

ஆஃப் செய்தாயிற்று என்பதையும் திரையில் தெரியும் பூஜ்யத்தை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். லீட் உள்ளே அறுந்திருந்தாலும் பூஜ்யம்தான் வரும். கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பாயின்டில் முதலில் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், திரும்பவும் பழைய பாயின்டில். இவ்வளவுக்கும் முன்னால், மீட்டரைக் கையில் எடுத்தவுடன், சிவப்பு லீட் எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.