காளி முத்திரை போட்ட கம்பெனிக் காசு

மலர் என்றால் ஹாஸ்டல் மெஸ், ஸ்ட்ரைக், பேராசிரியர்களின் பட்டப்பெயர் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். அடியேனுக்குச் சோறு போடுவது மெக்கானிக்கல். பைத்தியம் பழங்காசு மேல். எனவே ஆசிரியர் குழுவின் அனுமதியோடு ஒரு காசுக் கதை.

நம் நாட்டில் குலோத்துங்கர்கள் ஆண்ட 12ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியில் பிஷப்புகளே வெள்ளிக்காசு அடித்தார்கள். மாக்டெபர்க் நகரத்துக் காசு மெல்லிய தகடு. எடை ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு பக்கம்தான் அச்சு. ஷீட் மெட்டல் லேப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டாம், முன்னால் புடைத்தால் பின்னால் குழி! அதில் புனித மாரீஸ் நிற்பார். 1192இல் காலமான விக்மன் என்ற ஆர்ச்பிஷப், வருஷத்துக்கு இரண்டு தடவை "பழைய காசு செல்லாது" என்று அறிவித்துவிடுவார். 12 பழசைக் கொடுத்தால் 9 புதுசு. மிச்சம் மூன்று? வரி! சாமி படம் போட்ட காசை வாங்க மாட்டேன் என்று எவன் சொல்வான்?

கல்பாக்கத்தில் இருந்துகொண்டு இது எதற்கு என்கிறீர்களா? டவுன்ஷிப்பை ஒட்டியே சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை இருக்கிறதே. பிக்னிக் போய் போட்டோ எடுத்தவர்கள் உண்டு. அவர்கள் எந்தக் காசு கொடுத்து நம்ம நெசவாளியிடம் துணி வாங்கினார்கள் என்று யோசித்தவர்கள் குறைவு. டச்சுக் கம்பெனிக்குப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அக்கசாலைகள் இருந்தன. நாகப்பட்டினம் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தது. அங்கே அடித்த செப்புக்காசில் ஒரு பக்கம் காளி, மறுபக்கம் தமிழிலேயே ஊர்ப்பெயர்! சர்ச்சில் சிலையே கூடாது என்ற கட்சிக்காரர்கள் காளியைப் போட்டார்கள் என்றால், பக்தி அல்ல, வியாபாரம். சந்தையில் பழகிய முகம் இருந்தால்தான் காசு கை மாறும் என்பது என் எண்ணம். இங்கிலீஷ்காரனும் சளைத்தவனல்ல. சென்னையில் அவன் வெளியிட்ட நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் பெருமாள். இன்றும் சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறதல்லவா!

கணக்கைப் பாருங்கள். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக 3360 காசு. இது காகிதக் கணக்கு. கடைத்தெருவில் செம்பின் விலை தங்கத்துக்கு எதிராக ஏறும், இறங்கும். வராகனை மாற்றப் போனால் சராப்புக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டுதான் சில்லறை கொடுப்பார். வராகன் வைத்திருந்தவன் தப்பித்தான். அன்றாடம் செப்புக்காசில் அரிசி வாங்கியவள் தலையில்தான் நஷ்டம் விழுந்தது. மாக்டெபர்க்கில் பிஷப் பகிரங்கமாக எடுத்த அந்த மூன்று காசை இங்கே ஓசைப்படாமல் எடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1818இல் ரூபாய் வந்து வராகனுக்கு விடை கொடுத்தது: 100 வராகனுக்கு 350 ரூபாய். 1824 ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்த டச்சு இடங்களெல்லாம் இங்கிலீஷ்காரன் கைக்குப் போயின.

ஜூனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலோர ஊர்களில் இப்படிப் பாசி பிடித்த செப்புக்காசு கண்ணில் பட்டால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். பிறகு அது வெறும் செம்பு, எடைக்குத்தான் போகும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். மண்ணில் புதைந்து கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். நல்ல காசுகளைப் பார்க்க ஆசையிருந்தால் எழும்பூர் மியூசியத்தில் நாணயப் பிரிவே உண்டு. பூதக்கண்ணாடி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.