பாக்ஸிங் கிளாஸில் முதல் பாடம் ஏன் 'ஜாப்'? சரியாகப் போடுவது எப்படி?

ஆபீஸ் முடிந்து பாக்ஸிங் கிளாஸில் சேரும் பலருக்கும் முதல் நாளே பஞ்சிங் பேக்கை வெளுத்து வாங்க ஆசை. ஆனால் கோச் 'ஜாப்' என்ற ஒரே குத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். அதில் அப்படி என்ன இருக்கு?

ஜாப் என்றால் என்ன?

முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் வேகமான குத்து. வலதுகைப் பழக்கம் உள்ளவர்கள் பொதுவாக இடது காலை முன்வைத்து நிற்பார்கள். அவர்களுக்கு ஜாப் இடது கையில். இடதுகைக்காரர்களுக்கு அப்படியே மாறும்.

எதிராளியைச் சாய்ப்பது இதன் முக்கிய வேலை இல்லை. தூரத்தை அளப்பது, கிட்ட வரவிடாமல் தடுப்பது, அடுத்த பலமான குத்துக்கு வழி திறப்பது, இதற்குத்தான் ஜாப். 1978 முதல் 1985 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த லேரி ஹோம்ஸின் பெரிய ஆயுதமே இதுதான்.

எப்படிப் போடணும்?

1. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாக மடக்குங்க. தாடை கீழே, இரண்டு கைகளும் கன்னத்துக்குப் பக்கத்தில்.
2. முன்காலைச் சின்னதாக ஓர் அடி எடுத்துவைத்தபடியே கையை நேராக விடுங்க. முழங்கை பக்கவாட்டில் விரியக் கூடாது. விரிந்தால் குத்து வரப்போவது எதிராளிக்கு முன்பே தெரிந்துவிடும்.
3. கடைசி நொடியில் முஷ்டியைத் திருப்புங்க. உள்ளங்கை தரையைப் பார்க்கணும், தோள் தாடையை மறைக்கணும். முழங்கையை முழுசாக முறுக்கிப் பூட்ட வேண்டாம்.
4. போன வழியிலேயே, போன வேகத்திலேயே கையைத் திரும்பக் கொண்டுவாங்க. மற்றொரு கை கன்னத்தை விட்டு அசையக் கூடாது.

கையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்?

1936இல் அமெரிக்காவின் ஜோ லூயிஸுக்கு நடந்ததுதான். ஜாப் போட்டபின் அவரது இடது கை கீழே இறங்குவதைக் கவனித்துவைத்திருந்தார் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங். அந்த இடைவெளியில் வலது கையால் குத்திக் குத்தியே 12ஆவது ரவுண்டில் நாக்அவுட் செய்தார். 1938இல் மீண்டும் மோதியபோது லூயிஸ் முதல் ரவுண்டிலேயே பழிதீர்த்தார்.

அடிபடாமல் பழகுவது எப்படி?

ஆள்காட்டி விரல், நடுவிரல் கணுக்கள்தான் இலக்கில் படணும். மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு நேர்க்கோட்டில் இருக்கணும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அங்குள்ள எலும்பு முறியலாம். இதற்கு 'பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர்' என்றே பெயர். ஹேண்ட் ராப் சுற்றாமல் பேக்கைத் தொடாதீங்க.

முதலில் கண்ணாடி முன் நின்று, 3 நிமிடம் பயிற்சி, 1 நிமிடம் ஓய்வு என்று வெறும் காற்றில் பழகுங்க. பலம் அப்புறம் வரும். கோச் இல்லாமல் ஸ்பாரிங் வேண்டவே வேண்டாம். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. தலையில் அடிபட்டபின் தலைவலி, தலைசுற்றல், வாந்தி இருந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்க.